நுரை வராத சோப்பு

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை. திருநெல்வேலிச் சீமையினின்று புதிதாக வந்து நம் சால்ட் லேக் விடுதியில் சேர்ந்த தம்பி ஒருவர் என் அறை வாயிலில் வந்து நின்றார். அன்று அவருக்கு நேர்முகத் தேர்வு. முகத்திலோ நான்கு இடங்களில் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. நான்கிலும் இரத்தப் பொட்டு!

"என்ன தம்பி இது?" என்றேன்.

"சோப்பு கெட்டுப் போச்சு அண்ணாச்சி! ஊர்ல இதே சோப்பு பொங்கிப் பொங்கி வரும். இங்க கால் மணி நேரம் தேய்ச்சும் நுரையே நிக்கல" என்றார்.

அருகிலிருந்த நண்பர், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று சொல்லிச் சிரித்தார். தம்பியின் முகம் வாடிவிட்டது. உண்மை என்னவெனில், இம்முறை கூடமும் கோணல்தான். ஆட்டமும் சற்றுக் கோணல்தான். சோப்பு மட்டுமே குற்றமற்றது. இதை அவருக்கு விளக்கியபோது, நம்மில் பலருக்கும் இது பயன்படும் என்று தோன்றிற்று. ஆகவே இக்கட்டுரை.

முதலில் நுரை எதற்கு என்பதைக் காண்போம். நுரை வெறும் அலங்காரம் என்றே பலர் எண்ணுகின்றனர். அன்று, நுரை என்பது மயிரோடு நீரைச் சேர்த்துப் பிடித்து வைக்கும் ஒரு கருவி. உலர்ந்த தாடி மயிர் விறைப்பானது. அதே மயிர் இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் ஊறினால் நீரை உறிஞ்சிப் பருத்து மென்மையாகிவிடும். பிளேடு அதனை எளிதில் அறுக்கும். வெறும் நீரோ முகத்தில் நில்லாது வழிந்துவிடும். அதனை வழியவிடாமல் நிறுத்தி, தோலுக்கும் பிளேடுக்கும் இடையே வழுக்கலையும் தருவதே நுரையின் வேலை. எனவே, நல்ல நுரை என்பது நன்றாகப் பிடித்து வைக்கப்பட்ட நீரே ஆகும். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

இனி, கூடத்தின் கோணலைப் பார்ப்போம். தம்பி வளர்ந்தது தாமிரபரணி ஆற்று நீரில். நம் விடுதிக்கு வருவதோ ஆழ்குழாய்க் கிணற்று நீர். நாம் வாழும் இந்நிலமே ஒரு காலத்தில் உப்பு ஏரியாக இருந்தது என்பதைப் பெயரே சொல்லும். 1962ஆம் ஆண்டு தொடங்கி, ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய் வழியே கொணர்ந்து கொட்டி, யூகோஸ்லாவிய வல்லுநர்களின் திட்டப்படி எழுப்பப்பட்ட நகரம் இது. மேல்மண் ஆறு தந்ததாயினும், ஆழத்தினின்று ஏறிவரும் நீர் மண்ணடுக்குகளிற் கிடந்து, கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொண்டே வருகின்றது. இதனைத்தான் பள்ளிப் பாடத்தில் 'கடின நீர்' என்று படித்தோம். ஐயமிருப்பின் உங்கள் தேநீர்க் கெட்டிலின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறதல்லவா? அதுவே சான்று.

கடின நீரில் சோப்பு என்ன ஆகின்றது? சோப்பு என்பது கொழுப்பமிலத்தின் சோடியம் அல்லது பொட்டாசியம் உப்பு. கால்சியத்தைக் கண்டவுடன் கொழுப்பமிலம் தன் பழைய துணையை விட்டுவிட்டு அதனோடு சேர்ந்துகொள்ளும். அவ்வாறு பிறக்கும் பொருள் நீரில் கரையாது. சாம்பல் நிறப் பிசுக்காக மிதக்கும். கால்சியமும் மக்னீசியமும் தீரும் வரை நுரை நிலைக்காது. இதனையே அளவுகோலாக்கியவர் ஸ்காட்லாந்து நாட்டு வேதியியலார் தாமஸ் கிளார்க். எவ்வளவு சோப்புக் கரைசல் சேர்த்தால் நுரை நிலைக்கின்றது என்று பார்த்தே நீரின் கடினத்தைக் கணக்கிடும் முறையை 19ஆம் நூற்றாண்டிலேயே அவர் வகுத்தார். ஒரு லிட்டர் நீரில் 300 மில்லிகிராம் அளவு கடினம் இருப்பின், அந்த ஒரு லிட்டர் ஏறத்தாழ 2 கிராம் சோப்பை விழுங்கிவிடும் என்பது வேதிக் கணக்கு.

நம் விடுதி நீரை நீங்களே சோதிக்கலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் குழாய் நீரும், மற்றொன்றில் மழை நீரும் சம அளவு எடுத்து, சம அளவு சோப்புச் சீவல் இட்டுக் குலுக்குங்கள். எதில் நுரை நிற்கிறது, எதில் நீர் கலங்குகிறது என்று கண்ணே சொல்லிவிடும்.

அப்படியானால் தம்பியின் ஆட்டத்தில் கோணல் எங்கே? அவர் பிரஷைக் குவளையில் முக்கி, நீர் சொட்டச் சொட்ட எடுத்து, சோப்பின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு முகத்திற்குப் போய்விட்டார். நீர் மிகுதி, சோப்புக் குறைவு. இருந்த சோப்பிற் பெரும்பகுதியைக் கடின நீரே தின்றுவிட்டது. மிஞ்சியது முகத்தில் வழிந்து உலர்ந்தது. உலர்ந்த மயிரின்மேல் பிளேடு சென்றது, தோல் கிழிந்தது.

இக்கலையை நான் கற்றது நடைபாதைக் கடை ஒன்றில்தான். செங்கல்லுக்கு வங்காளத்தில் 'இட்' என்று பெயர். செங்கல்லின்மேல் உட்காரவைத்துச் சவரம் செய்வதால் இக்கடைகளை இவ்வூரார் வேடிக்கையாக 'இட்டாலியன் சலூன்' என்கின்றனர். அங்கே பெரியவர் ஒருவர் நசுங்கிய அலுமினியக் கிண்ணத்தில் இரண்டு விரற்கடை நீர்தான் வைத்திருந்தார். பிரஷின் நுனியை மட்டும் நனைத்துச் சோப்பிலே நெடுநேரம் சுற்றினார். பின்பு துளித் துளியாகத்தான் நீர் சேர்த்தார். நுரை மலைபோல் எழுந்தது! குறைந்த நீரில் நிறைந்த சோப்பு. அதன் பின்னரே மெல்ல மெல்ல நீர். இதுவே இரகசியம்.

இனி முறையைச் சொல்வேன்.

முதலாவது நீர். ஒரு தம்ளர் போதும். கெட்டிலில் நன்றாகக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். பைகார்பனேட்டால் வரும் கடினம் கொதித்தால் படிந்துவிடும். சல்பேட், குளோரைடு உப்புகளால் வரும் கடினமோ கொதித்தாலும் போகாது. அத்தகைய நீராயின் சுத்திகரித்த குடிநீரையோ மழை நீரையோ பயன்படுத்தலாம்.

இரண்டாவது முகம். குளித்த பின் சவரம் செய்வது நன்று. இயலாவிடின், வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள்.

மூன்றாவது சோப்பு. பிரஷை ஒரு நிமிடம் ஊறவைத்து, எடுத்து, இரண்டு மூன்று முறை உதறுங்கள். பிறகு சோப்பின்மேல் அரை நிமிடம் சுற்றுங்கள். பசைபோல் ஏறவேண்டும், பொங்கினால் நீர் மிகுதி என்று பொருள்.

நான்காவது நுரை. கிண்ணத்திலோ முகத்திலோ பிரஷைச் சுற்றிக்கொண்டே, சில துளி நீர், மீண்டும் சுற்றல், மீண்டும் சில துளி என்று சேர்த்து வாருங்கள். பெருங்குமிழிகள் கண்ணுக்குத் தெரிந்தால், அஃது அப்போது கறந்த பாலின் நுரை போன்றது. காற்றும் நீரும் மிகுந்துவிட்டன. இன்னும் சிறிது சோப்பு ஏற்றுங்கள். மங்கலாய் வறண்டு இழுத்தால் நீர் போதவில்லை. கெட்டித் தயிரை மத்தால் ஓரிரு சுற்றுக் கடைந்தாற்போல் பளபளப்பாய்த் திரண்டால் பதம் சரி. இரு விரலிடையே தேய்த்துப் பாருங்கள். தடையின்றி வழுக்க வேண்டும்.

ஐந்தாவது பிளேடு. மயிர் வளர்ந்த போக்கிலே, அழுத்தாமல், சிறு சிறு இழுப்பாகச் செல்லுங்கள். நுரை இல்லாத இடத்தில் பிளேடு படலாகாது. மறுமுறை மழிப்பதாயின் மறுபடியும் நுரை பூசுங்கள். முடிவில் குளிர்ந்த நீரில் கழுவிப் படிகாரம் தடவுக. பிரஷை அலசி உதறி உலர வையுங்கள்.

குளிக்கும் சோப்பே போதாதா என்று சிலர் கேட்பர். தேங்காயெண்ணெய்ச் சோப்பு விரைவில் நுரைக்கும். கடல் நீரிலும் நுரைக்கும் என்பதால் மாலுமிகள் அதனைக் கொண்டு சென்றனர். ஆயினும் அதன் குமிழிகள் பெரியவை, விரைவில் உடைபவை. சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலம் மிகுதி. அதன் குமிழிகள் நுண்ணியவை, நெடுநேரம் நிற்பவை. பொட்டாசியம் அதனை எளிதில் கரையச் செய்யும். கிளிசரின் நீரைக் காக்கும். வேலைக்கு ஏற்ற ஆளைத்தானே அமர்த்த வேண்டும்!

நிறமற்ற நீரும் காற்றும் சேர்ந்த நுரை வெண்மையாய்த் தோன்றுவது ஏன்? எண்ணற்ற குமிழிச் சுவர்கள் ஒளியை எத்திசையும் திருப்பிச் சிதறடிப்பதால்தான். ஒளிச் சிதறலை ஆராய்ந்து 1928இல் பெரும் உண்மை கண்டு, 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன், திருச்சியிற் பிறந்து, இதே கல்கத்தாவின் பௌபஜார் தெருவில் ஆராய்ச்சி செய்தவர் அல்லரோ? கடல் ஏன் நீலம் என்று வினவிய அவர் வழியில், நுரை ஏன் வெண்மை என்று நாமும் வினவுவதில் தவறில்லை.

கடைசியாக, கேட்டவுடன் என் நெஞ்சைத் திடுக்கிடச் செய்த செய்தி. தம் பிளேடு மழுங்கியதென்று தம்பி அன்று பக்கத்து அறை நண்பரின் ரேசரை வாங்கிச் சவரம் செய்திருந்தார்! நண்பர்களே, சோப்பைக் கடன் வாங்கலாம். நீரைக் கடன் வாங்கலாம். ரேசரை மட்டும் ஒருபோதும் வாங்கலாகாது, கொடுக்கவும் கூடாது. ஹெபடைடிஸ் பி, சி எனும் ஈரல் நோய்க் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியிலும் பரவக்கூடியவை. பி வகைக் கிருமி உடலுக்கு வெளியே 7 நாளேனும் உயிர்ப்புடன் இருக்க வல்லது. அதற்குத் தடுப்பூசி உண்டு. சி வகைக்கு இன்னும் இல்லை. கடையிற் சவரம் செய்துகொண்டாலும் நம் கண்ணெதிரே புதிய பிளேடை ஒடித்துப் போடச் சொல்ல வேண்டும். படிகாரமும் நம்முடையதாய் இருத்தல் நலம். முதல் உலகப் போரின்போது, கிருமி நீக்காத குதிரை மயிரில் செய்த பிரஷ்களால் வீரர்கள் சிலருக்கு ஆந்த்ராக்ஸ் நோய் தொற்றியதுண்டு. முகத்தில் படும் கருவியின் தூய்மை சிறு விஷயம் அன்று.

தம்பி இப்போது நலமே. இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டார், குறையொன்றுமில்லை. அந்தச் 'கெட்டுப் போன' சோப்பு இன்றும் அவரிடம் இருக்கிறது. நாள்தோறும் காலையில் அதிலிருந்து எழும் நுரையைக் காட்டி, "பாத்தீயளா அண்ணாச்சி!" என்று சிரிக்கிறார். புதிதாக வரும் தம்பிமாருக்கு வங்காள மொழியும் பேருந்து வழியும் சொல்லித் தருகிறோம். இனி, ஒரு தம்ளர் தெளிந்த நீரின் அருமையையும், தமக்கென ஒரு ரேசர் வைத்துக்கொள்ளும் கடமையையும் சேர்த்தே சொல்லித் தருவோமாக.