பழைய கணினி செத்துவிட்டதா? அவசரப்பட்டு வீசாதீர்கள்!

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஸ்டோர் அறையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினிக்கும் இது பொருந்தும்.

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. அந்தத் தோட்டத்துக் கோயில் கணக்கும் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலரும் யாரோ ஒருவர் வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கலாம். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1985ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது அல்லவா? சுவிட்சைத் தட்டியதும் உயிர் வரவில்லை என்று பழைய இரும்பு லோரியில் ஏற்றிவிட்டால், அந்த எழுத்தும் கூடவே போய்விடும்.

ஆனால் செத்ததுபோல் தோன்றும் கணினிகள் எல்லாம் செத்தவை அல்ல. காரணத்தை வெளியிலிருந்து உள்ளே தேடிக்கொண்டு போகவேண்டும்.

முதலில் மின்சாரம்

பல ஆண்டுகள் கழித்து உடனே சுவிட்சைப் போடாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து, எறும்புக் கூடு, பல்லி, துரு ஆகியவற்றைப் பாருங்கள். நம் நாட்டு மூன்று முனை பிளக்கினுள் ஒரு பியூஸ் உண்டு. அது போயிருந்தாலும் கணினி அசையாது. பின்பக்கம் 115, 230 என்று மாற்றும் சிறு சுவிட்ச் இருந்தால், அது 230இல் இருக்கவேண்டும்.

மின்வழங்கிப் பெட்டியையும் பழைய கண்ணாடித் திரையையும் மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உயிரைப் பறிக்கும் மின்சாரம் உள்ளே தங்கியிருக்கும். அதைப் பழகிய தொழில்நுட்பரிடம் விட்டுவிடுங்கள்.

பிறகு ஓசை

காற்றாடி சுற்றுகிறது, படம் வரவில்லை, 'பீப்' ஒலி கேட்கிறது என்றால் நல்ல செய்தி. கணினி தன் நோயைச் சொல்கிறது. பெரும்பாலும் நினைவகமோ திரை அட்டையோ சரியாகப் பொருந்தாமல் இருக்கும். பிளக்கைக் கழற்றி, அட்டையை எடுத்து, அதன் உலோக விளிம்பைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் துடைத்து மீண்டும் பொருத்துங்கள்.

மறந்துபோன கணினி

286, 386, 486 வகைக் கணினிகளில் நேரத்தையும் அமைப்பையும் நினைவில் வைக்க ஒரு சிறு பேட்டரி உண்டு. அது தீர்ந்தால், தன்னிடம் ஹார்ட் டிஸ்க் இருப்பதையே கணினி மறந்துவிடும். டிஸ்க்கின் மேல் ஒட்டிய தாளில் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும் எண்களை அமைப்புத் திரையில் மீண்டும் கொடுத்தால் போதும். ஆனால் பலகையில் பற்றவைத்த பீப்பாய் வடிவப் பேட்டரி கசிந்து செம்புக் கோடுகளை அரிக்கும். பச்சையாகப் பூத்திருந்தால் முதலில் அதை அகற்றவேண்டும்.

டிவியில் இணைக்கும் வகை

1982இல் வந்த கொமடோர் 64 போன்றவற்றில் தனி மின்பெட்டி உண்டு. வயதானால் அது 5 வோல்ட்டுக்கு மேல் அனுப்பி நினைவகச் சில்லுகளைக் கருக்கிவிடும். இணைக்கும் முன் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 5.25ஐத் தாண்டினால் வேண்டாம். மின்பெட்டி சரியாக இருந்தும் திரை கருப்பாக இருந்தால், டிவியைக் கவனியுங்கள். மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019இல் நிறுத்தப்பட்டது. இக்கணினிகளோ அனலாக் அலையைத்தான் அனுப்புகின்றன. டிவியில் அனலாக் தேடல் இருந்தால், யுஎச்எஃப் 36 அருகே தேடுங்கள்.

இத்தனைக்கும் அசையாவிட்டால்?

கணினி போனாலும் எழுத்து போகவில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, தகுந்த இணைப்பியின் வழி வேறு கணினியில் படிக்க முடியும். மூன்றரை அங்குல டிஸ்கெட்டைப் படிக்கும் யுஎஸ்பி கருவிகளும் உண்டு. திறந்ததும் தமிழுக்குப் பதில் புரியாத எழுத்துகள் வந்தால், அழித்துவிடாதீர்கள். யூனிகோடுக்கு முந்திய எழுத்துரு அது. மாற்றும் செயலிகள் உள்ளன.

முதலில் நகல் எடுங்கள். பழுது பார்ப்பது பிறகு. இந்த வார இறுதியில் ஸ்டோர் அறையைத் திறக்கும்போது, பெட்டியோடு டிஸ்கெட்டுகளையும் தேடி எடுத்து வையுங்கள்.