பழ ஈயும் புரதத்தின் நீராற்பகுப்பும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலுள்ள முதலமடை, மாந்தோப்புகளால் பெயர் பெற்றது. மாங்கனிக்குக் கொடிய பகை பழ ஈயாகும். பெண் ஈ தோலைத் துளைத்து முட்டையிடும். வெளியே சிறு புள்ளி மட்டுமே தெரிய, உள்ளே புழுக்கள் சதையை அழுகச் செய்யும். இந்தியச் சரக்குகளில் இவ்வகை ஈக்கள் காணப்பட்டமையால், 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழங்களுக்குத் தடை விதித்தது; 2015இல் அது நீக்கப்பட்டது.

முட்டைகள் முதிர்வதற்குப் பெண் ஈக்குப் புரதம் தேவை. இத்தேவையே அதனைப் பிடிக்கும் வழியுமாகும்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நெடுஞ்சங்கிலி. இரு கண்ணிகள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அந்நீர் மீண்டும் புகின் பிணைப்பு அறும். ஹைட்ரஜன் ஒரு முனையிலும் ஹைட்ராக்சில் மறுமுனையிலும் சேரும். இதுவே நீராற்பகுப்பு. தனி நீரால் இது நிகழ நூற்றாண்டுகள் செல்லும். செறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் 110 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் ஒரு நாளில் முடியும். நம் குடலில் என்சைம்கள் உடல் வெப்பத்திலேயே சில மணி நேரத்தில் இதனைச் செய்கின்றன.

இவ்வாறு பகுக்கப்பட்ட புரதக் கரைசலிலிருந்து எழும் அம்மோனியா முதலியன பழ ஈயை ஈர்க்கும். அதனுடன் பூச்சிக்கொல்லி கலந்து தெளிக்கும் முறையை ஹவாய்த் தீவுகளில் ஸ்டைனர் என்பார் 1952இல் விவரித்தார். மரம் முழுவதும் தெளிக்க வேண்டுவதில்லை. ஆங்காங்கே சிறிதளவு போதும். மீத்தைல் யூஜினால் பொறியோ ஆண் ஈக்களையே ஈர்ப்பது. முட்டையிடும் பெண் ஈக்களுக்குப் புரத இரையே ஏற்றது. உதிர்ந்த கனிகளையும் உடனே அகற்றுதல் வேண்டும். அவற்றிலுள்ள புழுக்களே மண்ணிற் புகுந்து கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈக்களாய் வெளிவருகின்றன.