பேச்சு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

ஆட்டிசம் என்று சந்தேகப்பட்டு என்னிடம் அழைத்துவரப்படும் குழந்தைகளில் பலர் நான்கு வயதைத் தாண்டியவர்கள். 'கூப்பிட்டால் திரும்புவதில்லை' என்று எல்.கே.ஜி. ஆசிரியை சொன்ன பிறகே வருகிறார்கள். விசாரித்தால், ஒன்றரை வயதிலேயே அம்மாவுக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. "இவன் அப்பனே மூணு வயசுலதான் பேசினான்" என்று பாட்டி சொல்ல, பேச்சு அத்தோடு முடிந்திருக்கிறது. இடையில் வீணாய்ப் போனது மூளை வேகமாகக் கற்கும் காலம்.

ஒரு வயதில், பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்ப வேண்டும். ஒன்றரை வயதில், வேண்டியதை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். இல்லையென்றால் உடனே காட்டுங்கள். காது கேட்கும் திறனையும் வளர்ச்சியையும் பரிசோதிப்போம்.

வசம்பும் வாட்ஸ்அப்பும்

பேச்சு வர நாக்கில் வசம்பைத் தேய்க்கிறார்கள். சிக்கல் நாக்கில் இல்லை. பிறரோடு ஒட்டிப் பழகுவதிலும் மனதில் இருப்பதைத் தெரிவிப்பதிலும் இருக்கிறது. வசம்பு அளவு மீறினால் குழந்தை வாந்தியெடுத்துத் துவண்டுவிடும். 'மூளை டானிக்' எதுவும் ஆட்டிசத்தைக் குணமாக்காது. இன்னொரு குழந்தைக்கு எழுதிய தூக்க மருந்தை வாங்கிப் புகட்டுகிறவர்களை என்ன சொல்ல? அது விஷப்பரீட்சை.

நாலே வகை உணவு சாப்பிடும் பிள்ளைக்குப் பாலையும் கோதுமையையும் யாரோ சொன்னார்கள் என்று நிறுத்தாதீர்கள். ஸ்டெம் செல் ஊசிக்காக நகையை அடகு வைக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் கூறிவிட்டது.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற புரளிக்கு மூலம், 12 குழந்தைகளை வைத்து 1998-இல் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரை. 2010-இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. புரளி மட்டும் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை நம்பித் தட்டம்மை ஊசியைத் தவிர்த்தால் உயிருக்கே ஆபத்து.

"செல்போன்ல ரைம்ஸ் எல்லாம் சொல்றானே டாக்டர்" என்பார்கள். தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கிறானா? அதுதான் பேச்சு. பேச்சு வர வேண்டும் என்பதற்காக வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேச வேண்டாம். உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில் பேசுங்கள்.

வீட்டில் நடக்கும் சிகிச்சை

சிகிச்சை மையத்தில் கிடைப்பது வாரத்துக்குச் சில மணி நேரம். மிச்சப் பொழுதெல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது. குழந்தையின் கண்மட்டத்துக்குத் தரையில் உட்காருங்கள். பொம்மைக் கார் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள். "சுத்துது" என்று சொல்லி நீங்களும் சுற்றுங்கள்.

மூடி இறுகிய கண்ணாடி டப்பாவில் பிஸ்கட்டைப் போட்டு வையுங்கள். குழந்தை உங்கள் கையை இழுத்து மூடிமேல் வைக்கும். "திற" என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு, முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் பொறுங்கள். ஒரு பார்வை, ஒரு சைகை, 'தி' என்ற ஒலி, எது வந்தாலும் உடனே திறந்து அரை பிஸ்கட் கொடுங்கள். மறு பாதிக்கு மறுபடி கேட்கும். முழு பாக்கெட்டையும் கையில் கொடுத்துவிட்டால் கேட்க என்ன அவசியம்?

மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்தி அலறுவது அடம் அல்ல, அடிக்காதீர்கள். ஜாரைக் காட்டி, "சத்தம் வரும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பல் துலக்குவது, குளிப்பது, சாப்பிடுவது எல்லாவற்றையும் படம் எடுத்து வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராது என்பதும் தவறு.

கதவுத் தாழ்ப்பாளை உயரத்தில் போடுங்கள். கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடியே வையுங்கள். சொல்லாமல் வெளியே ஓடும் குழந்தைகள் தண்ணீரைத் தேடிப் போவதுண்டு.

கைகூப்பிக் கேட்கிறேன்

கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டாய், வேலைக்குப் போனாய் என்று தாயைக் குத்திக்காட்டாதீர்கள். அவர் வளர்ப்பால் ஆட்டிசம் வரவில்லை. அப்பாக்களே, அந்தப் பிஸ்கட் டப்பாவோடு நீங்களும் உட்காருங்கள்.

மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடக்கம்; அடையாள அட்டை வாங்கக் கூச்சப்படாதீர்கள். சந்தேகம் வந்த வாரமே பிள்ளையை அழைத்து வாருங்கள்.