பாகூர் வயலும் படத்தொகுப்பு மேஜையும்

புதுச்சேரி நகரத்துப் பிரெஞ்சு வீதிகளில் காமிராவை நிறுத்துவதற்கு வேண்டிய செலவும் அனுமதியும் கைக்கெட்டாத இளைஞர்கள், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஏரிக்கரைகளையும் வயல்வெளிகளையும் நாடுவார்களாயின் அதில் வியப்பில்லை. ஆனால் இடம் மலிவாகக் கிடைத்ததனாலேயே படமும் மலிவாக முடிந்துவிடும் என்று எண்ணுவது வெறும் பிரமை. தொகுக்கும்போது ஒரு ஷாட் குறைகிறது என்று கண்டால், பெரிய கம்பெனி நடிகர்களிடம் மறுபடியும் கால்ஷீட் வாங்கி, ‘பேட்ச் ஒர்க்’ என்ற பெயரில் அதை எடுத்துக்கொள்ளும். கடன் வாங்கிப் படமெடுப்பவனுக்கோ அந்தப் பரிகாரம் கிடையாது. ஆகவே அவன் தொகுப்பு வேலையில் பெரும் பகுதியைப் படப்பிடிப்புக்கு முன்பே காகிதத்தில் முடித்தாக வேண்டும்.

இதற்குத் தமிழிலேயே உத்தமமான உதாரணம் உண்டு. 1988-இல் வெளிவந்து தேசிய விருது பெற்ற ‘வீடு’ படத்தை இயக்கிய பாலு மகேந்திரா, ஒளிப்பதிவையும் தொகுப்பையும் தாமே செய்தார். நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி சொந்த வீடு கட்டப் படும் பாடே கதை. அஸ்திவாரக் குழியை மூடிச் சுவர் எழுப்பிய பிறகு, குழியில் எடுக்க வேண்டிய ஒரு ஷாட் விட்டுப்போயிற்றே என்று எவரும் பின்னோக்கிச் செல்ல முடியாத கதை அது. காமிராவுக்குப் பின்னால் நிற்பவரே நாளை தொகுப்பு மேஜையிலும் உட்காரப் போகிறார் என்னும்போது, எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்ற சிந்தனை அவரை விட்டு அகலுவதில்லை.

கட்டடத்தைப் போலவே இயற்கையும் பின்னோக்கிச் செல்ல விடாது. வங்காளத்தில் சத்யஜித் ராய் 1952 அக்டோபரில் ‘பதேர் பாஞ்சாலி’க்காக நாணற்பூ வெளியில் முதல் காட்சியைத் தொடங்கி, மறு வாரம் வந்து பார்த்தபோது, பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன; எஞ்சியதை எடுக்க மறு பருவம் பூக்கும்வரை அவர் காத்திருக்க நேர்ந்தது.

பாகூரின் நெல்லும் அத்தகையதே. தகப்பனும் மகளும் வரப்பில் நின்று பேசும் காட்சியில் தகப்பன் முகத்தை இன்றைக்கு எடுத்துவிட்டு, அவர் தோளுக்கு மேலாக மகளைக் காட்டும் ‘சஜஷன்’ ஷாட்டைப் பதினைந்து நாள் தள்ளி எடுத்தால், அவர் பின்னால் பச்சைப் பயிரும் அவள் பின்னால் முற்றிய கதிருமாக நிற்கும். வர்ணத்தைத் திருத்துகிறவர் எவ்வளவு பிரயாசைப்பட்டாலும் அந்த முரண் முழுதும் மறையாது. ஆதலால் ஷெட்யூல் போடுகிறவன், நடிகரின் சௌகரியத்தை அடுத்தபடியாக வைத்து, எது முதலில் அழியும் என்ற கிரமத்தில் எழுதத் தொடங்க வேண்டும்: நாற்று, கதிர், அந்தி வெயில், பிறகு எப்போதும் கிடைக்கும் திண்ணை.

கண்ணுக்குத் தெரியாத சங்கடம் சப்தத்தினுடையது. வயலில் பம்புசெட் ஓடும்போது ஒரு வசனமும், மின்சாரம் நின்றபின் மறு வசனமும் பதிவானால், ஒவ்வொரு வெட்டிலும் மோட்டார் இரைச்சல் திடீரென்று தோன்றித் திடீரென்று மறையும். விழுப்புரத்திலிருந்து வரும் ரயில் பாதை வில்லியனூர் வழியே செல்வதால், அங்கே வண்டியின் ஊதலும் இப்படியே பாதி வசனத்தில் அறுந்துபோகும். மோட்டாருக்கு உரியவரிடம் முன்கூட்டியே பேசுவதும், ரயில் நேரம் விசாரிப்பதும், ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் அவ்விடத்து ஓசையை மட்டும் தனியே பதிந்துகொள்வதும் செலவில்லாத யுக்திகள். அந்த ஒரு நிமிஷத்தை வசனங்களின் இடைவெளிகளில் பரப்பித்தான் தொகுப்பாளர் ஒட்டுத் தெரியாமல் மறைக்கிறார்.

மற்றவை சிறு ஒழுக்கங்கள். ‘ஆக்‌ஷன்’ சொல்லுமுன்னும் ‘கட்’ சொல்லுமுன்னும் சில விநாடி காமிராவை ஓடவிடல்; பேசுகிற இருவருக்கும் இடையிலுள்ள கற்பனைக் கோட்டைத் தாண்டாதிருத்தல்; கை, மண்வெட்டி, வாய்க்கால் நீர் என்று சில ‘இன்சர்ட்’ ஷாட்டுகளைச் சேர்த்துவைத்தல்; இரண்டு காமிராக்கள் இருப்பின் இரண்டையும் ஒரே வேகத்தில் வைத்தல்; ஓகேயான டேக் எது என்று அன்றைக்கே ஏட்டில் குறித்து, பதிவுகளை அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுத்தல்.

இவற்றையெல்லாம் முன்னின்று சொல்லத் தகுந்தவர் தொகுப்பாளரே. அவரையோ நாம் எல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் கூப்பிடுகிறோம். படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்னதாக அவரைப் பாகூருக்கு அழைத்துச் சென்று, ஷாட் பட்டியலைக் கையில் கொடுத்து வரப்பில் நடக்கவிட்டால், பட்ஜெட்டில் அது பஸ் கட்டணமாக மட்டுமே ஏறும்; அன்று அவர் கேட்கும் கேள்விகளோ பிற்பாடு பல நாள் வாடகையை மிச்சப்படுத்தும்.