முசுக்களின் சமூகமும் ஆய்வாளரின் நோக்கும்

விலங்கு நடத்தை பற்றிய ஆய்வு விலங்கை மாத்திரமன்றி, அதனை நோக்கும் மனிதரையும் ஆராய வேண்டிய துறையாகும். ஆய்வாளர் வெறுங்கண்ணோடு காட்டினுட் செல்வதில்லை. தாம் பிறந்து வளர்ந்த சமூகத்தின் கருத்துக்களையும் உடன்கொண்டே செல்கின்றனர். தென்னாசிய முசுக்களைப் பற்றி 1958 தொடக்கம் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் நடைபெற்ற ஆய்வுகளும் விவாதங்களும் இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாகும்.

முசு, கரிய முகமும் நீண்ட வாலும் சாம்பல் நிற உடலும் கொண்ட, பெரும்பாலும் இலைகளை உண்டு வாழும் குரங்காகும். குரங்கு, முசு, ஊகம் என வேறுபடுத்தி, அவற்றின் பெண்ணை மந்தி என வழங்கும் மரபைத் தொல்காப்பிய மரபியல் கூறும். பெண்ணை மந்தி எனவும் ஆணைக் கடுவன் எனவும் இக்கட்டுரை குறிக்கின்றது.

அமெரிக்க மானிடவியலாளரான பிலிஸ் ஜே 1958 முதல் 1960 வரை வட, மத்திய இந்தியாவில் முசுக்களை அவதானித்தார். அவர் கண்டது பெரிதும் அமைதியான சமூகமாகும். குரங்குக் கூட்டத்தின் ஒவ்வோர் உறுப்பினரும் கூட்டத்தின் நிலைபேற்றுக்கு உதவும் வகையிலேயே நடந்துகொள்கின்றனர் என்பது அக்கால மானிடவியலில் மேலோங்கியிருந்த கருத்து. அவரது அவதானங்கள் அக்கருத்துடன் இசைந்தன.

1962இல் யப்பானிய ஆய்வாளர் யுக்கிமாரு சுகியாமா தார்வாட் பகுதியில் வேறொரு காட்சியைக் கண்டார். வெளியிலிருந்து வந்த கடுவன்கள் ஒரு கூட்டத்தைத் தாக்கித் தலைமைக் கடுவனைத் துரத்தின. அவற்றுள் ஒன்று அங்கு நிலைகொண்டது. அதன்பின் கூட்டத்துக் குட்டிகள் கடியுண்டு மடிந்தன. குட்டிகளை இழந்த மந்திகள் விரைவிலேயே புதிய கடுவனுடன் புணர்ந்தன. கூட்ட நலனை அடிப்படையாகக் கொண்ட கொள்கையில் இந்நிகழ்ச்சிக்கு இடமிருக்கவில்லை.

இப்புதிரை ஆராயும் பொருட்டு 1971இல் இராஜஸ்தானிலுள்ள அபு மலைக்கு வந்தவர் ஆர்வட் பல்கலைக்கழக மாணவி சாரா ஹேர்டி. நெருக்கமாக வாழ்வதால் உண்டாகும் உளப்பிறழ்வே குட்டிக்கொலைக்குக் காரணம் என்பது அவர் கொண்டுவந்த கருதுகோள். களத்தில் கண்டவை அதனைக் கைவிடச் செய்தன. குட்டிகள் மறைந்த சம்பவங்கள் நெருக்கத்தோடு அன்றி, வெளிக்கடுவன் கூட்டத்தைக் கைப்பற்றுவதோடு தொடர்புற்றிருந்தன. பாலூட்டும் மந்தி எளிதிற் கருத்தரிப்பதில்லை. குட்டி இறப்பின் விரைவிற் கருத்தரிக்கும் நிலையை அடையும். கடுவனின் தலைமைக் காலமோ அபுவில் சராசரியாக 27 மாதங்களே. எனவே, வேறொரு கடுவனின் குட்டியைக் கொல்வது புதியவனின் இனப்பெருக்கத்துக்கு வாய்ப்பளிக்கின்றது என அவர் வாதிட்டார். 'அபுவின் முசுக்கள்' என்ற அவரது நூல் 1977இல் வெளிவந்தது.

எதிர்ப்புக் கடுமையாக இருந்தது. இம்முடிவை மறுத்தோருள், அப்போது டோல்ஹினோ என்ற பெயரில் எழுதிவந்த பிலிஸ் ஜேயும் ஒருவர். மனித நடமாட்டத்தாற் குலைந்த சூழலில் வாழும் முசுக்களின் பிறழ்வே இது என்பது அவர்தம் வாதம். கொலையை நேரிற் கண்ட சந்தர்ப்பங்கள் சிலவே என்பதால் அவ்வையம் நியாயமற்றதன்று. 1999இல் தென் நேபாளத்தின் ராம்நகரிற் பெறப்பட்ட மரபணுச் சான்றுகள் வெளியாயின. குட்டிகளைத் தாக்கிய கடுவன்கள் அக்குட்டிகளின் தந்தையர் அல்ல என அவை காட்டின. ஹேர்டியின் விளக்கம் இதனாற் பெரிதும் வலுப்பெற்றது.

எனினும் அவரது ஆய்வின் மற்றொரு பகுதியே சமூகநோக்குடையோரின் கவனத்துக்கு உரியது. தாம் முதன்முதலிற் கண்ட முசு, தன் கூட்டத்தை விட்டுத் தனியே சென்று அயற்கடுவன்களை நாடிய ஒரு மந்தி என அவர் பின்னர் எழுதினார். அதனை அன்று அவரால் விளங்கிக்கொள்ள இயலவில்லை. பெண் இயல்பாகவே நாணமும் அடக்கமும் உடையது என டார்வின் காலந்தொட்டு நிலவிய கருத்து அவரது பயிற்சியிலும் ஊறியிருந்தது. பின்னரே, பல கடுவன்களோடு புணர்வதன் மூலம் தந்தை யார் என்பதை மந்தி ஐயத்துக்குள்ளாக்குகின்றது என்றும், அது குட்டியைக் காக்கும் வழியாகலாம் என்றும் அவர் கருதினார். ஏற்கெனவே கருவுற்றிருந்த மந்திகளும் புதிய கடுவனை நாடின. சோல் என அவர் பெயரிட்ட முதிய மந்தி, கருவளம் கடந்த நிலையிலும், பிறமந்தியின் குட்டியைக் காக்கக் கடுவனை எதிர்த்துப் போரிட்டது. மந்தி செயலற்ற பொருளன்று, தன் வாழ்வைத் தானே வகுக்கும் உயிர் என்பது தெளிவாயிற்று. அறிவியலிற் பெண்கள் கூடுதலாகப் பங்கேற்ற காலத்திலேயே இந்நோக்கு வளர்ந்தமை தற்செயலன்று.

இவ்வரலாற்றில் எமது நாட்டுக்கும் பங்குண்டு. பொலன்னறுவையிலும் ஹோட்டன் சமவெளியிலும் ஊதாமுக மந்தியினத்தை ஆராய்ந்த ருத்ரன், தனிக்கடுவன் கூட்டங்களில் நிகழும் தலைமை மாற்றத்தையும், கூட்டத்தின் அமைப்பில் அது உண்டாக்கும் விளைவையும் பற்றி 1973இல் வெளியிட்ட கட்டுரை, இவ்விவாதத்தில் எடுத்தாளப்பட்ட தொடக்கச் சான்றுகளுள் ஒன்றாகும். தமிழ் வாசகர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. கடுவன் குட்டியைக் கொல்வது இயற்கை எனின், மனித ஆணின் வன்முறையும் இயற்கை என நியாயம் தேடுவோர் உளர். ஒரு நடத்தை எவ்வாறு தோன்றியது என்பதற்கான விளக்கம், அது சரியானது என்பதற்கான தீர்ப்பாகாது. மேலும், ஒரே முசு இனத்தைக் கொண்டு ஒரு தலைமுறை சமூக ஒத்திசைவையும், மறு தலைமுறை தனியுயிர்களின் போட்டியையும் நிறுவ முயன்றது. இரண்டும் அவ்வக்காலச் சமூகத்தின் சாயல் படிந்தவையே.

ஆயினும், எல்லாம் பார்ப்போரின் மயக்கமே எனக் கொள்வதும் தவறு. ஹேர்டி தாம் கொண்டுசென்ற கருதுகோளைத் தாமே கைவிட்டார். அவரது முடிவும் இருபதாண்டுகளுக்கு மேலாகச் சோதிக்கப்பட்டது. முற்கோள் இன்றி எவரும் நோக்குவதில்லை; அதனைக் களத்தின் சான்றுக்கு உட்படுத்துவதிலேயே அறிவியலின் நேர்மை தங்கியுள்ளது.