குழல் ஒன்றின் விலை

சுவிற்சர்லாந்தின் கிராமங்களிலே சனிக்கிழமைப் பிற்பகல் என்பது வெடியோசையின் நேரமாகும். ஊரின் ஓரத்தில் ஒரு சுடுதிடல், முந்நூறு மீற்றருக்கு அப்பால் வரிசையாக இலக்குப் பலகைகள், இப்பால் பாய்விரித்துப் படுத்திருந்து குறிபார்க்கும் ஆடவரும் பெண்டிரும். இந்நாட்டவர்க்கு அது நம்மூர்ப் பந்தடியைப் போன்றதொரு பொழுதுபோக்கு. ஆனால், புதிதாக வந்து அகதிகள் விடுதியிலே தங்கியிருந்த எம்மவர் பலர், அவ்வோசையை முதன்முறை கேட்டபோது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கட்டிலின் கீழே பதுங்கியதை நாம் அறிவோம். நாமும் பதுங்கியவர்களில் ஒருவரே.

அத்தகைய எம்மிடம், சென்ற மாரிகாலத்தில் நண்பர் ஒருவர் வந்தார். கையிலே ஜேர்மன் மொழியில் எழுதப்பட்ட ஒரு விலைமதிப்புத் தாள்.

"சேர், பெடியன் துவக்குக்குப் புதுக் குழல் போடப்போறானாம். மூண்டு விலை எழுதிக் குடுத்திருக்கினம். எது சரியெண்டு விளங்கேல்லை. வேணுமோ எண்டதும் விளங்கேல்லை" என்றார்.

இரண்டாவது கேள்வியே பாரமானது என்பதை உணர்ந்தோம். எனினும் முதலாவதிலிருந்தே தொடங்குவோம்.

மகனுக்கு வயது இருபத்திரண்டு. இங்கே பிறந்தவன். சுவிஸ் குடியுரிமை பெற்றவன். இயந்திர உறுப்புகளைக் கடையும் தொழிலைக் கற்று ஒரு தொழிற்சாலையிலே பணிபுரிகிறான். பதினாறு வயதில் வகுப்புத் தோழர்களோடு இளஞ்சுடுநர் பயிற்சியிற் சேர்ந்தவன், இன்று ஊர்ச் சங்கத்தின் நல்ல சுடுநர்களுள் ஒருவன். சங்கத்து முதியவர் ஒருவர் தமது பழைய போட்டித் துப்பாக்கியை அவனுக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்திருந்தார். அதன் பூட்டும் உடலும் உறுதியாக இருந்தன; குழல் மாத்திரம் தேய்ந்துபோயிருந்தது. தன் கைக்கும் தோளுக்கும் பொருந்த ஒரு துப்பாக்கியை அமைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் தன் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும் என்பது அவன் எண்ணம்.

குழலுக்குள் இருப்பது

துப்பாக்கிக் குழல் வெறும் குழாயன்று. அதன் உட்சுவரிலே சுருளாக ஓடும் வரிப்பள்ளங்கள் சன்னத்தைப் பற்றிச் சுழற்றிவிடுகின்றன. சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோலச் சுழலும் சன்னம் தலைகுப்புறாது நேரே செல்கிறது. சுவிஸ் நாட்டின் பழைய இராணுவத் தோட்டாவான 7.5 மில்லிமீற்றர் ஜீபி 11க்குரிய குழலில், வரிப்பள்ளம் 270 மில்லிமீற்றருக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது. சன்னம் விநாடிக்கு ஏறக்குறைய 780 மீற்றர் வேகத்திற் புறப்படுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் அது விநாடிக்கு 2,900 சுற்றுகளுக்குச் சற்றுக் குறைவான சுழற்சியாகும்.

எவ்வளவு சுழற்ற வேண்டும் என்பது சன்னத்தின் நீளத்தைப் பொறுத்தது. நீண்ட சன்னத்துக்கு நெருக்கமான சுருள் வேண்டும். இங்கிலாந்தின் கணிதப் பேராசிரியர் அல்பிறட் ஜோர்ஜ் கிறீன்ஹில் 1879ஆம் ஆண்டிலேயே இதற்கொரு எளிய சூத்திரம் வகுத்தார். இன்றும் அது தோராயக் கணிப்புக்குப் பயன்படுகிறது. ஆகவே குழல் வாங்குவோன் முதலிற் கேட்க வேண்டியது எந்த உற்பத்தியாளரின் குழல் என்பதன்று. எந்தத் தோட்டாவைச் சுடப்போகிறோம் என்பதே.

குழலின் தரத்துக்கும் அதன் விலைக்கும் இடையிலான வழக்குப் புதியதன்று. 1850களில் ஜோசப் விட்வேர்த் என்னும் ஆங்கிலேய இயந்திரவியலாளர் அறுகோண உட்துளை கொண்ட குழலொன்றைச் செய்தார். அக்காலத்து என்பீல்ட் துப்பாக்கியில் 78 அங்குலத்துக்கு ஒன்றாக இருந்த சுருளை அவர் 20 அங்குலத்துக்கு ஒன்றாக்கினார். 1857இல் நடந்த சோதனைகளில் அவரது துப்பாக்கி என்பீல்டை வெகுதூரம் விஞ்சியது. 1860இல் விம்பிள்டனில் விக்ரோறியா மகாராணி போட்டிகளைத் தொடக்கிவைத்துச் சுட்டதும் விட்வேர்த் துப்பாக்கியினாலேயே. ஆயினும் பிரித்தானிய இராணுவம் அதனைப் பொதுப் பாவனைக்கு ஏற்கவில்லை. குழலிற் கரி விரைவில் அடைத்தது ஒரு காரணம். என்பீல்டைப் போலப் பல மடங்கு விலை என்பது மற்றொன்று. மிகச் சிறந்தது வேறு, தேவைக்குப் போதியது வேறு என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

மூன்று விலைகள்

நாமும் நண்பரும் மகனும் துப்பாக்கிக் கம்மியரின் பட்டறைக்குச் சென்றோம். அவர் மூன்று குழல்களை மேசைமீது வைத்தார்.

முதலாவது, வேறொரு துப்பாக்கியிலிருந்து கழற்றிய பழைய குழல். இரண்டாவது, ஜேர்மனியிற் செய்த புதிய குழல். குரோமியம், மொலிப்டினம் கலந்த உருக்கு. துளையை விடச் சற்றே பெரிதான கடின உலோகக் குமிழொன்றை அதனூடாக அழுத்தி இழுத்து வரிப்பள்ளம் பதித்திருந்தார்கள். இம்முறையில் ஒரு குழலுக்கு வரியிடும் வேலை ஒரு நிமிடமளவிலே முடிந்துவிடும். ஆகையால் விலை குறைவு. ஆனால், அழுத்தப்பட்ட உருக்கில் இறுக்கம் தங்கிவிடுமாதலால் வெப்பமூட்டி அதனைத் தணிக்க வேண்டும். தணிக்காத குழல், சுட்டுச் சூடேறியதும் குறிதவறத் தொடங்கும். மூன்றாவது, அமெரிக்காவிலிருந்து வந்த துருவேறா உருக்குக் குழல். ஒற்றை வெட்டுப்பல்லை மீண்டும் மீண்டும் இழுத்து, ஒவ்வோர் இழுப்பிலும் மயிரிழையினும் மெல்லிய சீவலாக அகற்றிப் பள்ளம் தோண்டும் முறை. நூற்றுக்கணக்கான இழுப்புகள் வேண்டும். அதன் பின்னர் ஈயக்கட்டியும் தேய்ப்புத்தூளும் கொண்டு உட்சுவரைக் கையால் மெருகிடுவார்கள். நேரமே அதன் விலை.

நான்காவது முறையும் உண்டு. குழலுக்குள் வரிவடிவ அச்சைச் செலுத்தி வெளியிலிருந்து சம்மட்டிகளால் அடித்து உருவாக்குவது. ஜேர்மனியில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வளர்ச்சி பெற்ற முறை அது. இயந்திரம் பெருவிலையாதலாற் பெரிய தொழிற்சாலைகளுக்கே கட்டுபடியாகும். தனியொருவருக்கான குழல் தேடுவோர் அதனை அரிதாகவே காண்பர்.

விலையில் முதலாவது ஒரு பங்கென்றால், இரண்டாவது மூன்று பங்கு. மூன்றாவது ஆறு பங்கு. மகனின் கண் மூன்றாவதில். தந்தையின் கண் முதலாவதில்.

கம்மியர் பழைய குழலுக்குள் மெல்லிய உள்நோக்குக் கருவியைச் செலுத்தித் திரையிற் காட்டினார். தோட்டா அறையை அடுத்துள்ள தொண்டைப் பகுதி, கோடையில் வறண்ட குளத்தின் அடிபோல வெடித்திருந்தது. ஒவ்வொரு வெடியிலும் கொதிக்கும் வாயு மூவாயிரம் வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தோடு அவ்விடத்தைத் தாக்குகிறது. குழல் தேய்வது அங்கிருந்துதான். வெளியே பளபளக்கும் குழல் உள்ளே முடிந்துபோனதாக இருக்கலாம்.

அடுத்து அவர் கூறியதே எமக்குப் பாடமாயிற்று. குழலுக்கு மரை வெட்டி, தோட்டா அறை குடைந்து, வாய்முனையைச் சீராக்கி, துப்பாக்கியிற் பொருத்தி, பூட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையிலான அளவைச் சரிபார்க்கும் கூலி மூன்று குழல்களுக்கும் ஒன்றே. அக்கூலி இரண்டாவது குழலின் விலைக்கு ஏறக்குறையச் சமம். மலிவான குழல் ஈராண்டில் முடிந்தால் அதே கூலியை மறுமுறையும் கொடுக்க வேண்டும். வறியவன் மலிவாய் வாங்கி இருமுறை செலவழிக்கிறான் என்பதைக் கடன்பட்டுப் பழைய கார் வாங்கிய எம்மவர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் மூன்றாவதை வாங்குவதா? அதற்கும் ஒரு கணக்குண்டு. முந்நூறு மீற்றர்ப் பலகையின் பத்துப் புள்ளி வட்டம் பத்துச் சென்ரிமீற்றர் விட்டமுடையது. நூறு மீற்றரில் மூன்று சென்ரிமீற்றருக்குள் சன்னங்களைச் சேர்க்கும் குழல், முந்நூறில் ஒன்பதுக்குள் சேர்க்கும், வட்டத்துக்குள் அடங்கும். நல்ல இரண்டாந்தரக் குழல் அதனைச் செய்கிறது. விலையுயர்ந்தது அதனிற் பாதிக்குள் சேர்க்கக்கூடும். ஆனால், இளைஞனின் கையும் மூச்சும் இன்னமும் முப்பது சென்ரிமீற்றருக்குச் சிதறவிடுகின்றனவே. அச்சிதறலைக் குழல் திருத்தாது, பயிற்சியே திருத்தும். பயிற்சிக்கோ தோட்டா வேண்டும், தோட்டாவுக்குப் பணம் வேண்டும்.

ஒரு குழல் தேய்ந்து முடிவதற்குள் அதனூடாகச் செல்லும் தோட்டாக்களின் மொத்த விலை, குழலின் விலையைப் பன்மடங்கு மிஞ்சும். ஆகையால் தோட்டாவின் தெரிவும் சிக்கனத்தின் பகுதியே. சிறிய துளையும் மிகுந்த வெடிமருந்தும் கொண்ட வகைகள் ஈராயிரம் வெடிகளளவில் தொண்டையைத் தின்றுவிடும். 7.5 அல்லது .308 போன்ற நிதானமான வகைகளில் ஐயாயிரமும் அதற்கு மேலும் தாங்கும். மகன் விரும்பியது நாகரிகமான 6 மில்லிமீற்றர். கம்மியர் காட்டியது சங்கத்துத் திடலிலேயே வாங்கக்கூடிய ஜீபி 11.

சட்டம் எடைபோடும் இரும்பு

இனி எம்மவர் மறக்கக் கூடாத பகுதி. சுவிஸ் ஆயுதச் சட்டத்தில் குழல் உதிரிப்பாகமன்று. ஆயுதத்தின் முக்கிய உறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் அவ்வாறே. அமெரிக்காவிலோ துப்பாக்கியின் உடற்கூடே ஆயுதமாகக் கொள்ளப்படுகிறது. குழல் கடையிலும் தபாலிலும் விற்கப்படுகிறது. "அங்கையுள்ள மச்சான் பாதி விலைக்கு அனுப்புவான்" என்று நண்பர் ஆவலோடு சொன்னபோது நாம் திடுக்கிட்டோம். அனுமதியின்றி அதனை இந்நாட்டுக்குள் வருவிப்பது குற்றம். அத்தகைய குற்றப்பதிவு குடியுரிமை விண்ணப்பத்தில் எவ்வாறு வாசிக்கப்படும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மகனுக்கும் ஒரு யோசனை இருந்தது. தொழிற்சாலைக் கடைசல் இயந்திரத்திலே தானே குழலைச் செய்தால் என்ன? கைத்திறன் உண்டு, உரிமை இல்லை. தொழில்முறை அனுமதியற்றவர் ஆயுதத்தையோ அதன் முக்கிய உறுப்பையோ செய்வதை இந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது.

எல்லாவற்றிலும் எமக்கு உறைத்தது வேறொன்று. சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதியின் 12ஆம் பிரிவு, இலங்கை உள்ளிட்ட சில நாடுகளின் பிரசைகள் ஆயுதமோ அதன் முக்கிய உறுப்போ வாங்குவதையும் வைத்திருப்பதையும் துப்பாக்கியாற் சுடுவதையும் தடுக்கிறது. விதிவிலக்கைக் கன்டோன் அதிகாரிகளே வழங்கலாம். நண்பர் இன்னும் இலங்கைப் பிரசை. மகன் எழுத்து ஒப்பந்தத்தோடு வாங்கக்கூடிய குழலைத் தந்தை கைக்கொள்ள முடியாது. துப்பாக்கியை உரிமையற்றவர் கைக்கு எட்டாது பூட்டிவைப்பது உடைமையாளனின் கடமை. எனவே ஒரே வீட்டில் வாழும் தந்தையிடம் அப்பெட்டியின் திறப்பு இருக்கலாகாது.

இதை நாம் மொழிபெயர்த்துச் சொன்னபோது நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "துவக்குப் பிடிக்கவேணும் எண்டு வந்து நிண்டவைக்குப் பயந்துதான் சேர் நான் ஊரை விட்டனான். இஞ்சை என்னைத் தொடக்கூடாதெண்டு சட்டம் போட்டிருக்கிறாங்கள். எனக்கு இது நிம்மதி" என்றார்.

மகன் தலைகுனிந்து இருந்தான். தந்தை ஊரைவிட்ட காரணத்தை அவன் அன்றுதான் முழுமையாகக் கேட்டான் போலும்.

முடிவில் இரண்டாவது குழலே தெரிவாயிற்று; 7.5 மில்லிமீற்றர். மூன்றாவதுக்கும் அதற்கும் இடைப்பட்ட பணம் தோட்டாவுக்கென ஒதுக்கப்பட்டது. தாயார் விதித்த நிபந்தனை ஒன்று: வீட்டிலே தம் கண்முன்னே துப்பாக்கியைத் துடைக்கலாகாது. மகன் அதனைச் சங்கத்திலேயே துடைத்து, உறையிலிட்டுக் கொணர்ந்து பூட்டுகிறான். திறப்பு அவனிடம் மட்டுமே.

குழல் பொருத்திய பின் வந்த முதற் சனிக்கிழமை நண்பரோடு திடலுக்குச் சென்றோம். நாம் இருவரும் சுடுநர்களின் பின்னே, பார்வையாளர் வாங்கில் அமர்ந்தோம். முதல் வெடிக்கு நண்பரின் தோள் துணுக்குற்றது, எமதும் அவ்வாறே. பத்தாவது வெடியளவில் அவர் பலகையின் புள்ளிகளை எண்ணத் தொடங்கியிருந்தார்.

இத்தகைய ஆசை கொண்ட பிள்ளைகள் எம்மவர் வீடுகளிற் பெருகிவருகின்றனர். பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே. பிள்ளையைக் கடிந்து வாயடைக்காதீர். உடன் சென்று கேளுங்கள். குழலைப் பார்க்குமுன் தோட்டாவையும், விலையைப் பார்க்குமுன் பொருத்துகூலியையும், இவை அனைத்துக்கும் முன்னர் உங்கள் வீட்டில் எவர் எந்நாட்டுப் பிரசை என்பதையும் பாருங்கள். ஐயமிருப்பின் கன்டோன் பொலிசாரிடம் எழுத்திற் கேட்டு, எழுத்திலேயே பதில் பெறுங்கள். அதற்குச் செலவாவது ஒரு முத்திரையே.