அன்னாசித் தண்டும் பசுமைப் பிரித்தெடுப்பும்

பொந்தியான் மாவட்டத்திலுள்ள பெக்கான் நானாஸ், அன்னாசியைத் தன் பெயரிலேயே கொண்ட ஊர். ‘நானாஸ்’ என்னும் மலாய்ச் சொல் அக்கனியையே குறிக்கும். கனியை நாம் அறிவோம். கனி கொய்தபின் நிலத்தில் எஞ்சும் தண்டின் பயனை நம்முள் பலர் அறியோம்.

பச்சை அன்னாசியை உண்ணும்போது நாக்கு அரிப்பதற்குப் புரோமலைன் என்னும் நொதியும் ஒரு காரணம். புரதத்தைச் சிதைப்பது அதன் இயல்பு. வேகவைத்த அன்னாசிக் கறியில் நொதி செயலிழந்துவிடும். வெப்பம் அதற்குப் பகை. இறைச்சியை மென்மையாக்கவும், தீப்புண்ணில் இறந்த தோலை நீக்கவும் இந்நொதி பயன்படுகிறது. இதனாலான தீப்புண் மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012இலும் அமெரிக்கா 2022இலும் ஒப்புதல் வழங்கின. முதிர்ந்த தண்டிலிருந்து இதனைப் பெறலாம் என்பதை ஹைனிக்கி, கோர்ட்னர் என்னும் ஆய்வாளர்கள் 1957இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர்.

தண்டின் சாற்றில் அசிட்டோன் போன்ற கரைப்பானைச் சேர்த்து நொதியை வீழ்படிவாக்குவது பழைய முறை. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். பயன்படுத்தியபின் அதனை மீட்டெடுக்கவும் ஆற்றல் வேண்டும். பசுமை முறையிலோ குளிர்ந்த நீரே கரைப்பான். அரைத்து வடித்த சாற்றை நுண்துளைச் சவ்வின் வழியே அழுத்திச் செலுத்தினால், சர்க்கரையும் உப்பும் நீரோடு கடந்து செல்லும். பெரிய மூலக்கூறாகிய நொதி பின்தங்கும். வெப்பம் படாமையால் அதன் செயல்திறனும் காக்கப்படும்.

எனினும், நீரைப் பயன்படுத்துவதாலேயே ஒரு முறை பசுமையாகிவிடாது. சவ்வு அடைபட்டால் கழுவவேண்டும். நொதியை உறையவைத்து உலர்த்த மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். நீர், மின்சாரம், கழிவு ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்தே நாம் தீர்ப்பளிக்கவேண்டும்.

இக்கணக்கில் நிலத்திற்கும் இடமுண்டு. ஜொகூரில் அன்னாசி பெரிதும் சதுப்புநிலக் கரிமண்ணில் விளைகிறது. அறுவடைக்குப்பின் எஞ்சும் செடிகளை அங்கே எரித்தால், தீ மண்ணுக்குள்ளும் பரவிப் புகைந்துகொண்டிருக்கும். புகைமூட்டம் ஊரைச் சூழும். எரிக்கப்படும் தண்டோடு மருந்தாகத்தக்க நொதியும் அழிகிறது. தண்டைப் பிழிந்து நொதியைப் பெற்று, சக்கையை உரமாக மண்ணுக்கே திருப்பித் தந்தால், உழவருக்கு வருவாயும் ஊருக்குத் தூய காற்றும் கிட்ட வழியுண்டு. பசுமைப் பிரித்தெடுப்பை ஆய்வுக்கூடத்தில் மட்டுமன்றி வயலிலிருந்தே நாம் தொடங்கவேண்டும்.